கணப்புச் சட்டியின் விஷவாயுவும் அதனை அறிவிக்கும் கருவியும்

கொள்ளிடத்தின் தென்கரையை ஒட்டிய திருப்பனந்தாள் வட்டாரக் கிராமங்களில், சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும் மார்கழி, தை மாதங்களே பனி மிகுந்த காலமாகும். பொழுது சாய்ந்ததும் கதவுகளும் ஜன்னல்களும் அடைபடுகின்றன. கொசுவுக்காகக் கொட்டிலில் மூட்டம் போடப்படுகிறது. பிள்ளை பெற்ற அறையில் தாய்க்கும் குழந்தைக்கும் குளிர் தாக்காதிருக்கக் கணப்புச் சட்டி வைக்கப்படுகிறது. இவை நம் முன்னோர் காலந்தொட்டு நடந்துவரும் வழக்கங்களே. ஆயினும் இவ்வழக்கங்களுள் கண்ணுக்குப் புலப்படாத ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அதனை அறிந்து விலக்கிக்கொள்ளும் வழிகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிருக்கு வரும் பூச்சியையும் நோயையும் பற்றியே இப்பத்திரிகையில் வழக்கமாக எழுதப்படுவது உண்டு. புகையான் பற்றிய வயலை நாம் தூரத்திலிருந்தே கண்டுகொள்கிறோம். குலைநோயை இலையின் புள்ளியால் அறிகிறோம். இப்பொழுது கூறப்போகும் பகைக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அது வீட்டுக்குள் புகுவதை ஒருவரும் காணார். பயிருக்கு உடையவனே உயிரோடு இல்லையெனில் பயிரைக் காத்து என்ன பயன்? ஆகவே விவசாயிகளின் பத்திரிகையில் இவ்விஷயத்திற்கு இடமளிப்பது பொருத்தமேயாகும்.

அவ்வாயு யாது?

விறகு, கரி, வறட்டி, உமி, எண்ணெய் முதலிய எப்பொருளும் போதிய காற்றோட்டத்தில் எரியுங்கால், அதிலுள்ள கரி காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து கரியமிலவாயுவாக மாறுகிறது. காற்றுக் குறைந்தால் கரி பாதி எரிந்தும் பாதி எரியாமலும் நின்று, கார்பன் மானாக்ஸைடு என்னும் வேறொரு வாயுவை உண்டாக்குகிறது. தணல் ஆழமாக இருக்குமிடத்தில் மற்றொரு வழியும் உண்டு. அடியில் பிறந்த கரியமிலவாயு, மேலேயுள்ள சிவந்த தணலை ஊடுருவி வரும்போது, அத்தணலிலிருந்து இன்னும் கரியைக் கவர்ந்துகொண்டு கார்பன் மானாக்ஸைடாக மாறிவிடுகிறது. புகையும் சுவாலையும் அடங்கிச் செக்கச் செவேலெனக் கனன்றுகொண்டிருக்கும் கரிச்சட்டியே இவ்வாயுவை மிகுதியாக வெளியிடுவதற்குக் காரணம் இதுதான். “புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே எடுத்து வைக்கலாம்” என்று நம் பெண்டிர் கருதும் நேரமே உண்மையில் அபாயமான நேரம்.

1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமற் போனபோது, சென்னை மாகாணத்தில் பஸ்களின் பின்புறத்தில் கரி உலையொன்றைப் பொருத்தி, அதிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினார்கள். கரிவாயு பஸ்ஸைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவ்வாயுவில் எரியும் சக்தியைப் பெரும்பாலும் தந்தது இந்தக் கார்பன் மானாக்ஸைடே. ஒரு பஸ்ஸை இழுக்கவல்ல அவ்வாயுவைத்தான், அளவில் குறைந்ததாயினும், கரிச்சட்டியின் மூலம் நாம் படுக்கையறையில் பரவவிடுகிறோம்.

உடலில் அது செய்யும் கேடு

நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை, இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளாகிய ஹீமோகுளோபின் ஏற்றுக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கார்பன் மானாக்ஸைடு அந்த ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வாய்க்காலில் நீர் வந்தும், மடையை வேறொருவன் அடைத்துக்கொண்டால் வயல் காய்வதுபோல, அறையில் பிராணவாயு இருந்தும் மூளைக்கும் இருதயத்துக்கும் அது போய்ச் சேருவதில்லை. இவ்வாயு இரத்தத்தைப் பற்றிக்கொண்டு மூச்சடைப்பை விளைவிக்கிறது என்பதைப் பிரான்ஸ் தேசத்து உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857-ஆம் ஆண்டிலேயே விளக்கிக் காட்டினார்.

காற்றில் இவ்வாயுவின் அளவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். 200 பங்கு இருப்பின் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலியும் சோர்வும் தோன்றும். 400 பங்கு இருப்பின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெற்றியில் கடும் வலி உண்டாகி, மூன்று மணிக்கு மேல் உயிருக்கே அபாயம் நேரும். 800 பங்கில் முக்கால் மணி நேரத்தில் தலைச்சுற்றலும் குமட்டலும், இரண்டு மணி நேரத்தில் அறிவு மயக்கமும் உண்டாகும். 1,600 பங்குக்கு மேற்பட்டால் ஓரிரு மணி நேரத்தில் மரணம். 3,200 பங்கில் அரை மணி நேரமே போதும். ஆயிரத்தில் மூன்று பங்கு என்பது எத்துணைச் சிறிய அளவு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் யாதெனில், விழித்திருப்பவன் தலைவலியை உணர்ந்து வெளியே வரக்கூடும். உறங்குகிறவனுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. உறக்கத்திலிருந்தே மயக்கத்திற்கும், மயக்கத்திலிருந்து மரணத்திற்கும் அவன் போய்விடுகிறான். கருவுற்ற பெண்களுக்கு இவ்வாயுவால் நேரும் கேடு இருமடங்கானது. வயிற்றிலுள்ள சிசுவின் இரத்தம் தாயின் இரத்தத்தைக் காட்டிலும் இவ்வாயுவை உறுதியாகப் பற்றிக்கொள்ளுமாதலால், தாய் தப்பினும் சிசு தப்பாமற் போகலாம். பிழைத்து எழுந்தவர்களுள்ளும் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து ஞாபக மறதி, நடை தடுமாற்றம், மனக் குழப்பம் முதலியன தோன்றுவது உண்டு.

நமது பக்கத்தில் அது உண்டாகும் இடங்கள்

கிராமங்களைச் சுற்றி வருகையில் கண்ட வழக்கங்களுள், அபாயத்திற்கு இடமானவை பின்வருமாறு:

1. பிள்ளை பெற்ற அறையிலும், வயோதிகர் படுக்கும் அறையிலும் இரவு முழுவதும் வைக்கப்படும் கணப்புச் சட்டி, குமுட்டி அடுப்பு, வறட்டித் தணல்.

2. மனிதர் படுக்கும் அறையை ஒட்டிய கொட்டிலில் கதவை அடைத்துப் போடப்படும் மூட்டம். கன்றுகாலிகளுக்கும் இதனால் கேடு உண்டு.

3. வாழைத்தாரைப் பழுக்க வைக்க அடைத்த அறையிலோ குழியிலோ இடும் புகைமூட்டம். மூட்டத்தைப் பிரிக்கும் ஆள், காற்றுப் புகுமுன் தலையை உள்ளே நீட்டுவது பெரும் பிழை.

4. நெல் அவிக்கும் உமி அடுப்பு. உமித் தணல் வெளியில் சாம்பல் பூத்துக் காணப்பட்டாலும் உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். குளிருக்காக அதனருகிலேயே கொட்டகையை அடைத்துப் படுத்துறங்குவது கூடாது.

5. பில்டர் பாயிண்டுக் குழி. பம்பு நீரை உறிஞ்சி உயர்த்துவது நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிக்குள் அடங்குமாதலால், கோடையில் நிலத்தடி நீர் இறங்கியதும் குழி வெட்டி எஞ்சினைக் கீழே இறக்கி வைப்பவர்கள் பலர். அக்குழியிலும், மூடிய எஞ்சின் கொட்டகையிலும் புகை தேங்குகிறது. டீஸல் எஞ்சினின் புகையில் இவ்வாயு சற்றுக் குறைவே. பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களின் புகையிலோ பன்மடங்கு அதிகம். எவ்வகை எஞ்சினாயினும் குழிக்குள் ஓட விட்டுப் பக்கத்தில் நிற்பது தகாது. கிணற்றைத் தூர்வார எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது அதனினும் கொடிய அபாயம்.

6. மின்சாரம் நின்ற காலத்தில் வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டப்படும் ஜெனரேட்டர்.

7. கதவடைத்த கொட்டகையில் ஓட விடப்படும் டிராக்டர், கார். குளிர்சாதனத்தை ஓட விட்டு நின்ற காருக்குள் உறங்குவதும் இதில் அடங்கும்.

8. சன்னலில்லாத குளியலறையில் வெந்நீருக்காகப் பொருத்தப்படும் காஸ் கொதிகலம்.

பழைய வீடும் புதிய வீடும்

இவ்விஷயத்தை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளைக் கணப்புச் சட்டியருகே போட்டுத்தான் வளர்த்தாள். அப்பொழுது வராத விஷவாயு இப்பொழுது எங்கிருந்து ஐயா வந்தது?” என்பது அக்கேள்வி. இது நியாயமான கேள்வியே. இதற்குத் தக்க விடை கூறாமல் புதிய கருவியை வாங்குங்கள் என்று உபதேசித்தால் ஒருவரும் கேளார்.

விடை யாதெனில், நெருப்பு மாறவில்லை, வீடு மாறிவிட்டது. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், அதன் நடுவே வானம் பார்த்த முற்றம் என்ற அமைப்பு இருந்தது. மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி உண்டு. கீற்றுக் கொட்டகையோ காற்றை வடிகட்டி விடும் சல்லடை போன்றது. அவ்வீடுகளில் சூடேறிய காற்றும் அதனோடு கலந்த விஷவாயுவும் மேலெழுந்து, முற்றத்தின் வழியாகவும் ஓட்டிடுக்கின் வழியாகவும் போய்விட்டன. அக்காலத்திலும் அறையை இறுக அடைத்தவர்கள் தப்பினார்கள் என்று கொள்ள வேண்டாம். “இரவில் ஏதோ அடித்துவிட்டது” என்று காரணம் அறியாமல் விடப்பட்ட மரணங்களும் இருந்திருக்கக் கூடும்.

இன்றைய வீடு அப்படியல்ல. கான்கிரீட் தளம், கண்ணாடி ஜன்னல், முற்றத்தின் மேல் மூடிய கூரை, குளிர்சாதனம் வைத்த அறை ஆகிய இவை யாவும் வசதிக்காகச் செய்துகொண்டவை. காற்று வெளியே போகாதிருப்பதே இவற்றின் இலட்சணம். பழைய வீட்டு வழக்கத்தைப் புதிய வீட்டுக்குள் கொண்டுவருவதில்தான் தீங்கு விளைகிறது. குறுவைக்கு ஏற்ற வித்தைச் சம்பாப் பட்டத்தில் விதைப்பவனுக்கு நேரும் நஷ்டம் போன்றது இது. ஆனால் இங்கே நஷ்டமாவது உயிர்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சென்ற திருச்சிப் பக்கத்து நண்பர்களுள் இருவர், மாமிசம் வாட்டிய கரியடுப்பை அணைக்காமல் விட்டு அதே அறையில் உறங்கி, மறுநாள் காலையில் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டனர். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் நேபாள தேசத்துத் தாமன் என்னும் மலையூரில், குளிருக்காகக் காஸ் கணப்பை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரே அறையில் உறங்கிய கேரளத்தார் எண்மர் மாண்டனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அறைக்குள் தீப்பற்றவில்லை. எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவுமில்லை. அடைத்த அறையில் எரிந்த அடுப்பே அவர்களை மாய்த்தது.

காஸ் அடுப்பு வந்தபின்னும் கவலை உண்டா?

வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டு அரசு இலவச காஸ் அடுப்புகளை வழங்கியதும், 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. விறகுப் புகை குறைந்ததால் பெண்டிர்க்கு விளைந்த நன்மை பெரிது. நாகப்பட்டினம் பகுதியிலும் நம் மாநிலத்தின் வேறொரு பகுதியிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களிலும் சேர்த்துக் கருவுற்ற பெண்கள் 3,200 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். விறகை விட்டுக் காஸில் சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்புகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை என்றும் அவ்வாராய்ச்சியாளர் நேர்மையாகக் கூறினர். ஆகவே காஸ் அடுப்பு ஒன்றே எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று எண்ணலாகாது.

மேலும், காஸ் அடுப்பு வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகடுப்பும் கணப்பும் கூடவே இருக்கின்றன. காஸும் காற்றோட்டமில்லாத இடத்தில் எரிந்தால் இதே விஷவாயுவைத் தரும். அதனை அறிய எளிய அடையாளம் உண்டு. சுவாலை நீலமாக நின்றெரிந்தால் நன்று. மஞ்சளாகி ஆடினாலும், பாத்திரத்தின் அடியில் கரி படிந்தாலும், எரிவாயில் அடைப்போ காற்றுக் குறைவோ இருப்பதாகக் கொண்டு உடனே சீர்ப்படுத்த வேண்டும்.

விளக்குச் சோதனையை நம்பலாமா?

கிணற்றிலோ குதிரிலோ இறங்குமுன் எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கலாகாது. இது நல்ல வழக்கமே, கைவிட வேண்டாம். ஆனால் அச்சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பதை அறிதல் வேண்டும். பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகுந்திருந்தால் விளக்கு அணையும். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கார்பன் மானாக்ஸைடு கலந்திருப்பினும் விளக்கு அணையாது, நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும், மனிதனோ மாண்டுபோவான். எஞ்சின் ஓடிய கிணற்றில் விளக்கை நம்பி இறங்குவது, பொய்ச் சாட்சியை நம்பி வழக்காடுவதற்கு ஒப்பாகும். அதேபோல எரிவாயு, பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய இடத்தில் விளக்கையே கொண்டு செல்லலாகாது.

2020-ஆம் ஆண்டுத் தொற்று நோய்க்குப் பின் பல வீடுகளில் விரல்நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைப் பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. அதுவும் இங்கே உதவாது. விஷவாயு ஏறிய இரத்தத்தையும் பிராணவாயு ஏறிய இரத்தத்தையும் அது பிரித்தறியாமல், “98, 99” என்று நல்ல எண்ணையே காட்டிவிடும்.

குருவியிலிருந்து கருவி

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி விபத்துக்குப் பின் மாண்டவர்களுட் பெரும்பாலோர் தீயினால் அன்று, இவ்வாயுவினாலேயே இறந்தனர் என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் 1896-ஆம் ஆண்டு அறிக்கையில் நிலைநாட்டினார். அவர் தாமே இவ்வாயுவைச் சுவாசித்துத் தம் உடலில் நிகழும் மாறுதல்களைக் குறித்துக்கொண்டவர். சிறு பிராணிகள் விரைந்து மூச்சு விடுவதால் இவ்வாயு அவற்றை மனிதனுக்கு முன்பே தாக்கும் என்று கண்டு, சுரங்கத்துக்குள் கூண்டில் குருவியைக் கொண்டு செல்லும்படி கூறியவரும் அவரே. 1911 முதல் அங்கே கனேரிக் குருவிகள் இவ்வேலையைச் செய்தன. குருவி சோர்ந்து விழுந்தால் மனிதர் வெளியேறினர். 1986-ஆம் ஆண்டின் இறுதியில் அக்குருவிகளுக்கு ஓய்வு கொடுத்து, அவ்விடத்தில் கருவிகளை வைக்க அந்நாட்டு அரசு முடிவு செய்தது.

அக்கருவியின் இனத்தைச் சேர்ந்ததே இன்று வீடுகளில் மாட்டும் கார்பன் மானாக்ஸைடு அறிவிப்பான். அது உள்ளங்கையளவே இருக்கும். உள்ளே ஒரு சிறு மின்கலம் போன்ற அமைப்பு உண்டு. விஷவாயு அதனுட் புகுந்ததும் இரசாயன மாறுதல் ஏற்பட்டு, வாயுவின் அளவுக்குத் தக்கபடி சிறு மின்னோட்டம் பிறக்கிறது. குறித்த அளவைக் கடந்தால் கருவி உறங்குகிறவர்களை எழுப்பும்படி உரக்க ஒலிக்கும். ஐரோப்பிய நாடுகளின் தரப்படி, பத்து லட்சத்தில் 50 பங்கு இருப்பின் 60 முதல் 90 நிமிஷங்களுக்குள்ளும், 100 பங்கு இருப்பின் 10 முதல் 40 நிமிஷங்களுக்குள்ளும், 300 பங்கு இருப்பின் 3 நிமிஷங்களுக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். முற்கூறிய கணக்கோடு இதை ஒத்துப் பார்த்தால், தலைவலி தோன்றுமுன்பே எச்சரிக்கை கிடைப்பது விளங்கும். இங்கிலாந்தில் வாடகை வீடுகளில், எரிபொருள் அடுப்போ கணப்போ நிலையாகப் பொருத்திய அறைகளில் இக்கருவியை வைத்துக் கொடுக்க வேண்டுமென்று 2022 அக்டோபர் 1 முதல் சட்டமே உள்ளது.

வாங்குவதும் பொருத்துவதும்

1. கடையில் “காஸ் அறிவிப்பான்” என்று விற்கப்படுபவற்றுட் பல, சமையல் காஸ் கசிவை மட்டும் காட்டுபவை. புகையை மட்டும் காட்டுபவையும் உண்டு. இவை வேறு, நமக்கு வேண்டியது வேறு. பெட்டியின்மேல் கார்பன் மானாக்ஸைடு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒரு புதிய நெல் ரகத்தை விதைக்குமுன் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளும் நாம், உயிர் காக்கும் பொருளை விசாரியாமல் வாங்கலாமா?

2. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். ஆதலால் அதன் கருவியைத் தரையருகே வைப்பார்கள். கார்பன் மானாக்ஸைடு காற்றோடு ஏறக்குறைய ஒத்த எடையுடையதாய் எங்கும் கலந்து நிற்கும். ஆதலால் அதன் கருவியைப் படுத்திருப்பவர் மூச்சு விடும் மட்டத்திலோ அதற்கு மேலோ சுவரில் மாட்டலாம். திரைச்சீலைக்குப் பின்னும், பீரோவுக்குள்ளும், ஜன்னலை ஒட்டியும் வைக்கலாகாது.

3. ஒரே கருவி வாங்க முடிந்தவர்கள் அதனைப் படுக்கையறையில் அல்லது அதன் வாயிலருகில் வைக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்.

4. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். கருவியின் ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு வரையே. கெடுத் தேதியைக் கருவியின் முதுகில் பார்த்து, சுவரிலும் எழுதி வைத்தல் நலம்.

5. விறகடுப்பு எரியும்போது கருவி அடிக்கடி ஒலிக்கிறதென்று சினந்து பாட்டரியைக் கழற்றிவிடுவோர் உண்டு. அது கருவியின் கோளாறன்று. அவ்வீட்டு அடுப்பங்கரைக்குப் புகைபோக்கி வேண்டும் என்று கருவி உண்மையைக் கூறுகிறது. கழற்ற வேண்டியது பாட்டரியையன்று. திறக்க வேண்டியது ஜன்னலை.

இக்கருவியின் விலை ஏறக்குறைய ஓரிரண்டு மூட்டை நெல்லின் விலைக்குள் அடங்கும். எல்லா வீட்டாரும் உடனே வாங்கவேண்டுமென்று கூறவில்லை. குளிர்சாதன அறை உள்ளவர்கள், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், காஸ் கொதிகலம் பொருத்தியவர்கள், பிள்ளைப்பேறு எதிர்நோக்கும் வீட்டார், ஆட்கள் இரவில் தங்கும் நெல் அரவை மில் வைத்திருப்பவர்கள் ஆகியோர் முதலில் வாங்குவது தகும்.

செலவில்லாத காப்பு

கருவி காவற்காரனே அன்றி வைத்தியனல்லன். வாயு உண்டாகாமற் செய்வதே முதற்கடமை. இதற்குக் காசு செலவில்லை.

தணல் எதுவாயினும் படுக்கையறைக்குள் வைத்து உறங்கலாகாது. பிள்ளை பெற்ற அறைக்குச் சூடு வேண்டுமாயின், விழித்திருக்கும் நேரத்தில் இரு பக்கத்து ஜன்னல்களையும் சிறிது திறந்து வைத்துக் கணப்பை உபயோகித்து, உறங்குமுன் சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதும் அவ்விதமே. தாயைக் கம்பளியாலும் வெந்நீர்ப் புட்டியாலும் காக்கலாம். கொட்டில் மூட்டத்தைக் காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத திசையில் போட வேண்டும். எஞ்சின் புகைக்குழாயை நீட்டிக் குழிக்கு வெளியே, கொட்டகைக்கு அப்பால் விட வேண்டும். கூடுமான இடங்களில் குழிக்குள் மின்சார மோட்டாரையே இறக்குவது நன்று. வாழை மூட்டத்தைப் பிரித்தபின் அரை மணி நேரமாவது காற்றாட விட்டே உள்ளே நுழைய வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றித் தனியே கூறவேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலுக்குப் பின், தஞ்சை, நாகை, திருவாரூர் ஜில்லாக்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததையும், தண்ணீர்த் தொட்டிக்கு நீரேற்ற வாடகை ஜெனரேட்டரைத் தேடி அலைந்ததையும் நாம் மறக்கவில்லை. அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் 2020 ஆகஸ்டில் வீசிய லாரா புயலில் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர்களுட் பலர், பின்னர் வீட்டருகே ஓட்டிய ஜெனரேட்டரின் வாயுவால் மாண்டனர். மழைக்கு நனையாதிருக்க ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் ஏற்றி வைப்பதே நம் வழக்கம். அது கூடாது. வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், ஜன்னலுக்கு எதிரில்லாமல், தனிப் பந்தலின்கீழ் அதனை வைக்க வேண்டும்.

அபாயம் நேர்ந்தால்

வீட்டிலுள்ளோர் பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் தோன்றி, ஜுரம் இல்லாமலிருந்து, வெளியே வந்ததும் சற்றுத் தெளிந்தால், பித்தமென்றும் திருஷ்டியென்றும் காலம் கடத்தாமல் இவ்வாயுவையே சந்தேகிக்க வேண்டும். வீட்டு நாயோ பூனையோ முதலில் சோர்ந்து விழுவதும் ஓர் அடையாளம்.

அறிவிப்பான் ஒலித்தாலும், மேற்கூறிய அடையாளம் கண்டாலும், எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். போகும் வழியில் கதவைத் திறந்து விடலாம். அடுப்பை அணைக்கவென்று உள்ளே தங்கலாகாது. மயங்கிக் கிடப்பவரை எடுக்கக் குழிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ வெறுமனே பாய்வது, இறந்தவர் தொகையை இரண்டாகவும் மூன்றாகவும் பெருக்கும். தம்பி விழுந்தான் என்று அண்ணனும், இருவரையும் காணோம் என்று தந்தையும் இறங்கி, மூவரும் மாளும் கொடுமை கிணற்று விபத்துக்களில் காணப்படுவது. எஞ்சினை மேலிருந்தபடியே நிறுத்திவிட்டுத் தீயணைப்புப் படையினரை அழைக்க வேண்டும். வெளியே எடுக்கப்பட்டவரைத் திறந்த வெளியில் கிடத்தி 108-க்குச் சொல்லி, “அடைத்த இடத்தில் புகை” என்ற விவரத்தை வைத்தியரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். வெறுங்காற்றில் இவ்வாயுவில் பாதி இரத்தத்தை விட்டு நீங்க நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தப் பிராணவாயுவை முகமூடி வழியாகக் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் நீங்கும். எழுந்து பேசிவிட்டார் என்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதன் காரணம் இதுவே.

கிராம அதிகாரிகளும் பெரியோரும் செய்யத்தக்கது

இவ்விஷயத்தில் ஊர்ப் பெரியோரின் ஒத்தாசை இன்றியமையாதது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கார்த்திகை மாதத்திலேயே கிராம சபையில் இதனை ஒருமுறை எடுத்துரைக்கலாம். வாடகைக்கு விடப்படும் ஜெனரேட்டர்களின்மேல் “வீட்டுக்குள் வைக்காதே” என்று தமிழில் எழுதச் செய்யலாம். கிராமச் சுகாதார செவிலியர், கருவுற்ற பெண்களைப் பார்க்கப் போகுமிடத்தில் கணப்புச் சட்டியைப் பற்றி அவ்வீட்டு மாமியாரிடமும் பாட்டியிடமும் பதமாகச் சொல்லலாம். அவர்கள் இசைந்தாலன்றி அவ்வறையில் எவ்வழக்கமும் மாறாது. கூட்டுறவுச் சங்கங்கள் சில கருவிகளைச் சேர்த்து வாங்கி, பிள்ளைப்பேறு உள்ள வீடுகளுக்கு மாதக்கணக்கில் இரவலாகக் கொடுத்து வாங்கலாம். பத்து வீட்டுக்கு ஒரு கருவியாயினும் முறைவைத்து உபயோகித்தால் பயன் உண்டு.

மிராசுதாரர்கள் தம் எஞ்சின் கொட்டகையில் வேலை செய்யும் ஆட்களையும், உமி அடுப்பினருகே இரவைக் கழிக்கும் கூலியாட்களையும் இதில் மறவாதிருக்க வேண்டுகிறேன். தம் வீட்டுப் படுக்கையறையில் கருவியை மாட்டிக்கொண்டு, ஆளைப் புகைக்குழிக்குள் இறக்குவது அறமாகாது.

விதை நேர்த்திக்கும், எலிப் பொறிக்கும், பூச்சி மருந்துக்கும் பட்டம் தவறாமல் ஏற்பாடு செய்கிறோம். வரும் மார்கழிக்குமுன் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நாள் மாலை தம் வீட்டைச் சுற்றி வந்து, எங்கே தணல் இருக்கிறது, அதன் வாயு எவ்வழியே வெளியேறுகிறது என்ற இரண்டையும் பார்ப்பாராக. வழியில்லாத இடத்தில் வழி செய்க. வழி செய்ய இயலாத இடத்தில் தணலை நீக்குக. இரண்டும் செய்தபின் காவலாகக் கருவியை மாட்டுக.